காத்தக்காவின் குரல் நின்ற காலை

படகுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் காத்தக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வானொலி நிலையத்தின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. விடியும் வேளையில் மத்திய அலைவரிசையில், கரகரப்புக்கு நடுவே அவள் குரல் வரும். "கடலுக்குப் போறவங்க கேட்டுக்கங்க. தெக்கத்திக் காத்து. இப்ப சாதுவா இருக்கு, மத்தியானத்துக்கு மேல முரண்டு பிடிக்கும். அதுக்குள்ள திரும்பிடுங்க. பாறைத்திட்டுப் பக்கம் போகணும்னு நினைக்கிறவங்க, நினைப்போட நிறுத்திக்கங்க." மற்ற அறிவிப்பாளர்கள் எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் வாசிப்பார்கள். அவள் வானிலை அலுவலகம் அனுப்பும் தாளை ஒரு தடவை மேய்ந்துவிட்டு, அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நாலு பேர் நிற்பதுபோலப் பேசுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுடைய அப்பா கடலில் போனார். அன்றைக்கும் வானொலியில் எச்சரிக்கை வந்தது. தாழ்வழுத்த மண்டலம் ஒன்று எங்கேயோ நிலைகொண்டிருப்பதாகவும், மீனவர்கள் விழிப்புடன் இருக்கக் கேட்டுக்கொள்ளப்படுவதாகவும் ஒரு கம்பீரமான குரல் சொன்னது. அப்பா கேட்டுவிட்டு, "சரி, போகலாங்கறானா, வேணாங்கறானா?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார். பெட்டி அதற்குப் பதில் சொல்லவில்லை. போனார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கடலுக்குக் கோபம் என்றார்கள், விதி என்றார்கள். அந்த வயதிலேயே அவளுக்கு அது ஒப்பவில்லை. கடலுக்குக் கோபமும் கிடையாது, பசியும் கிடையாது. காற்றுக்கு வேகம் உண்டு, அந்த வேகத்தை அளக்கக் கருவியும் உண்டு. அளந்ததை அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லத்தான் ஓர் ஆள் இல்லை.

அந்த ஆளாகத் தானே போய் உட்கார்ந்தாள். கடற்கரை அறிவிப்புக்குப் பேச்சுத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நிலையம் தேடியபோது, படகுக்காரன் மகள், படித்தவள் என்று எடுத்துக்கொண்டார்கள். தற்காலிகம் என்றார்கள். இருபது வருடத்துக்கு மேலாகியும் அவள் தற்காலிகமாகவே இருந்தாள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் நிரந்தரமாகி, பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டார்கள். கேட்டால், "உங்க கேஸ் மேல போயிருக்கும்மா" என்பார்கள். மேலே போனது எதுவும் அவள் பார்த்து இறங்கியதில்லை.

அவள் கட்டிக்கொண்டதும் ஒரு படகுக்காரனைத்தான். சின்ன இயந்திரப் படகு, கூட ஒரு கூட்டாளி. "கரையிலயும் உன் குரல், கடல்லயும் உன் குரல். மனுஷன் தப்பிச்சுப் போக இந்த உலகத்துல இடமே இல்லையா?" என்பான்.

"அணைச்சு வைக்கவேண்டியதுதானே. யார் வேண்டாங்கறா?"

"அணைச்சா வீட்டுக்கு வழி தெரியாதே."

அது கொஞ்சலுக்குச் சொன்னதில்லை. உண்மையாகவே அந்தக் கரையின் சின்னப் படகுகள் மூடுபனியில் வானொலிப் பெட்டியை வைத்துத்தான் வீடு திரும்பின. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்புவார்கள். ஒரு நிலையில் குரல் சட்டென்று மங்கி, செத்துப்போகும். அப்போது பெட்டியின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோட்டில்தான் நிலையத்தின் கம்பம் நிற்கிறது. முன்னாலா பின்னாலா என்று சந்தேகம் வந்தால், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பார்கள். குரல் பெருத்தால் கரை, இளைத்தால் கடல். பழைய ஆட்கள், பெட்டிக்குக் கரை வாசனை தெரியும் என்று பயபக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் விடவில்லை. ஒலிபரப்புக் கம்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரிடம் போய்க் கேட்டாள். ஊரே அவரைக் கம்பத்தார் என்றுதான் கூப்பிடும். அவர் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே செம்புக்கம்பி சுற்றிய கறுப்புக் குச்சியைக் காட்டி, அலை எப்படி அதில் விழுகிறது, எப்போது விழாமல் நழுவுகிறது என்று விளக்கினார். மறுநாளே அவள் அதை ஒலிபரப்பில் சொன்னாள். "வாசனையுமில்ல, மந்திரமுமில்ல. உள்ள ஒரு குச்சி இருக்கு, அவ்வளவுதான். அதைத் தண்ணி படாம வச்சுக்கங்க."

பெரிய படகுகளில் செயற்கைக்கோளைப் பார்த்து வழி சொல்லும் கருவி இருந்தது. சின்னப் படகுகளில் இந்தக் குச்சிதான். செல்போன் கரையைவிட்டுக் கொஞ்சம் விலகியதுமே கையை விரித்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான், மத்திய அலை இனி தேவையா என்று தலைமையகம் யோசிக்கத் தொடங்கியது. நிலைய மேலாளர் அவளை அழைத்துக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். மோசமான மனிதர் அல்லர். மேலேயே பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படி நின்றுவிட்டவர்.

"பாருங்கம்மா. எல்லா ஊர்லயும் கணக்கெடுத்திருக்காங்க. நம்ம ஏ.எம்.மைக் கேக்குறவங்க அநேகமா யாருமே இல்ல."

"எதுல சார் கணக்கெடுத்தாங்க?"

"செல்போன் செயலியிலதான்."

"நல்லாருக்கு சார். பட்டினி கிடக்கிறவன் எத்தனை பேருன்னு விருந்து வீட்டு வாசல்ல நின்னு எண்ணின மாதிரி இருக்கு."

மேலாளர் சிரித்துவிட்டார். "சரி, நீங்களே சொல்லுங்க. கேக்குறவங்க இருக்காங்கன்னு நான் மேல எப்படி நிரூபிக்கிறது?"

"ஒரு நாள் காலையில சொல்லாம நிறுத்திப் பாருங்க. இங்க போன் எரியும்."

கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் வார்த்தை மேலே போனது. அவளுடைய வேலை நிரந்தரம் மட்டும்தான் இருபது வருடமாக மேலே சிக்கிக் கிடந்ததே தவிர, இது போன வேகத்தில் இறங்கி வந்தது. காலை அறிவிப்பு முடிந்ததும் ஒலிபரப்பை நிறுத்த வேண்டும், மதியம்வரை எத்தனை புகார் வருகிறது என்று எண்ண வேண்டும், முன்கூட்டி யாருக்கும் சொல்லக்கூடாது. "வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடாதீங்கம்மா" என்றார் மேலாளர். நாளைக்கே என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் பேசவில்லை. கணவன் வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன, வாயை யாருக்காவது வாடகைக்கு விட்டுட்டியா?"

செல்போன் கடையில் வேலை செய்யும் மகள் உள்ளேயிருந்து சொன்னாள்: "அம்மாவோட ரசிகர் மன்றத்தைக் கலைச்சுட்டாங்க போலப்பா. கடைசி உறுப்பினரும் போயிட்டாரு."

"கடைசி உறுப்பினர் இங்கதான் இருக்கான். சந்தா கட்டாம தப்பிக்க முடியலை."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் கூட்டாளியிடம் சொல்வான், கூட்டாளி துறை முழுக்கச் சொல்வான், ஆளாளுக்குக் கரையிலிருக்கும் பெண்டு பிள்ளைகளிடம் சொல்லி நிலையத்துக்குப் போன் போடச் செய்வார்கள். கேள்வித்தாளை முன்னாடியே காட்டிவிட்டுப் பிள்ளை நூறு வாங்கினான் என்று மார்தட்டுவதா? அது சோதனையே இல்லை. நேர்மையாக நடந்து, நேர்மையாக ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாள். பனிக்காலமும் முடிந்துவிட்டது. வானிலைத் தாளில் வானம் தெளிவு என்றுதான் இருந்தது. அவன் பெட்டியை எடுத்து இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, படகுக்குக் கொண்டுபோகும் கூடையில் வைப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

மறுநாள் விடியலில் தெளிவான வானம் என்று அறிவித்தாள். அறிவிப்பு முடிந்ததும் மேலாளர் கம்பத்தாருக்குப் போன் செய்தார். ஒலிபரப்பறையில் ஓடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் இசை அறுந்து, வெறும் இரைச்சல் எழுந்தது. அளவுமானியின் முள் படுத்துக்கொண்டது.

இருவரும் தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மணி அடிக்கவில்லை. மேலாளர் ஒரு தடவை ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார், இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு அழைப்பு வந்தது. அவள் பாய்ந்து எடுத்தாள். "ஆஸ்பத்திரிங்களா?" என்று ஓர் ஆள் கேட்டார்.

"தப்பான நம்பர். எழுதிக்கட்டுமா?" என்றார் மேலாளர். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக உறைத்தது.

முதலில் வந்த பயம் அவளைப் பற்றியது. இத்தனை காலம் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேனா? பாறைத்திட்டுக்குப் போகாதே என்று சொன்னதெல்லாம் யார் காதிலும் விழவில்லையா? திரும்பி வந்தவர்கள் தானாகத்தான் வந்தார்களா? அந்தப் பயத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தபோது, ஜன்னலுக்கு எதிரே இருந்த கட்டடத்தின் மாடியைக் காணவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். கடல் இருந்த பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏறி வந்துகொண்டிருந்தது. தெருக்கோடி மறைந்தது. விளக்குக் கம்பம் மறைந்தது. இரண்டாவது பயம் வந்தபோது முதல் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"சார், மூட்டம் இறங்குது. படகெல்லாம் வெளிய இருக்கு. உடனே போடச் சொல்லுங்க."

"மதியம்வரைக்கும்னு உத்தரவும்மா. பாதியில போட்டா சோதனை செல்லாதும்பாங்க. கேக்குறேன், இருங்க."

கேட்டார். தலைமையகத்தில் அதிகாரி கூட்டத்தில் இருந்தார். மறுபடி கேட்டார். கூட்டம் முடியவில்லை. மேலாளரின் நெற்றி வேர்த்திருந்தது. அவருக்கும் பயம்தான், ஆனால் அவருடைய பயம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. "என் கையில ஒண்ணுமில்லம்மா" என்றார். கையில் ஒன்றுமில்லை என்கிற கைகள்தான் இந்த உலகத்தின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அவள் படியிறங்கி ஓடினாள். வாசலில் காவலாளி, பேசாத தன் பெட்டியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தவர், "பயப்படாதம்மா, மேல இருக்கிறவன் பாத்துப்பான்" என்றார்.

"மேல இருக்கிறவன் கூட்டத்துல இருக்கானாம். கீழ இருக்கிறவன் சுவிட்சைப் போட்டாப் போதும்."

மகளுக்குப் போன் செய்தாள். மகள் கடையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். "எங்கம்மா?"

"கம்பத்துக்கு. வேகமாப் போ. வேண்டாம், மெதுவாப் போ. ஒண்ணும் தெரியலை."

கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரரின் மேசைக்கு முன்னால் கூட்டம் நின்றது. அவர் ரேடியோவைத் தொட்டு வெகுநாள் ஆகிறது. மின்விசிறியும் செல்போன் சார்ஜரும்தான் இப்போது அவருடைய பிழைப்பு. இன்றைக்கு மேசை முழுக்கப் பெட்டிகள். ரப்பர் பட்டை போட்டது, கைப்பிடி உடைந்தது, துணியில் முடிந்தது. கையில் பெட்டியோடு இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மகள் தன்னையறியாமல் வண்டியை நிறுத்தினாள்.

"என்ன கொள்ளைநோயோ தெரியலைக்கா" என்றார் கடைக்காரர், காத்தக்காவைப் பார்த்ததும். "ஊர்ல இருக்கிற செட்டெல்லாம் ஒரே நேரத்துல மண்டையைப் போட்டிருக்கு. நான் சொல்றேன், செட்டு நல்லாத்தான் இருக்கு, நிலையத்துலதான் ஏதோன்னு. ஒருத்தர் நம்பணுமே."

"உனக்கு ரிப்பேர் பண்ண வராதுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றாள் காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு பெண். "நிலையம் எப்படி நிக்கும்? அது பாட்டுக்கு இருக்கிறது. என் செட்டுதான் பழசு."

"ஏம்மா, நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேக்கக்கூடாதா?" என்றாள் மகள்.

"எதுக்கு? என் செட்டு கெட்டதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

கண் தெரியாத ஒரு முதியவர் தன் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "புது பாட்டரி போட்டேன், வெயில்ல வச்சேன், ரெண்டு தட்டும் தட்டிப் பார்த்துட்டேன்" என்று யாரிடமோ முறையிட்டார்.

நிலையம்தான் நின்றிருக்கிறது என்று சொல்ல வந்தாள் காத்தக்கா; அதற்குள் நினைப்பு வேறெங்கோ ஓடியது. சுவரோடு பேசவில்லை, இத்தனை பேர் இருந்தார்கள். ஆனால் இவர்கள் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள், நிலையத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள். சத்தம் நின்றால் முதலில் பாட்டரியை மாற்றுவார்கள், அப்புறம் தட்டுவார்கள், அப்புறம்...

"திறந்துடுவாரு" என்றாள்.

"யாரும்மா?"

"உங்கப்பா. செட்டு போச்சுன்னு நினைச்சுத் திறந்துடுவாரு. அந்தக் குச்சிக் கம்பி தலைமுடி மாதிரி இருக்கும். ஆடற படகுல உட்கார்ந்து திருப்புளியால நோண்டுவாரு. போ, வண்டியை எடு."

மகள் வண்டியை எடுத்தாள். ஊர் முடிந்து, உவர்நிலத்தின் நடுவே போகும் மண்பாதையில் சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம்தான் தெரிந்தது. அவ்வளவு உயரக் கம்பமும், அதன் கால் தெரியும்வரை, இருப்பதே தெரியவில்லை.

கம்பத்தார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற இன்னும் சில மாதமே இருந்த மனிதர்.

"தெரியும், நீ எதுக்கு வந்திருக்கேன்னு" என்றார். "என்னால முடியாதும்மா. எழுத்துல உத்தரவு வந்திருக்கு. இந்த நேரத்துல கை வச்சா, இத்தனை வருஷமும் தண்ணியில போயிடும்."

"தண்ணியில என் வீட்டுக்காரர் இருக்காருண்ணே."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. உவர்நிலத்துக்கு அப்பால், தண்ணீர்மேல் எங்கேயோ, ஒரு சின்ன இயந்திரத்தின் டப டப டப. மூன்று பேரும் தலையைத் திருப்பினார்கள். கரைக்கு வரும் சத்தம் நேராக வரும். இது குறுக்கே போயிற்று. இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல், வழி தெரிந்தவனைப்போல. வலப்பக்கம் பாறைத்திட்டு. மகள் தண்ணீர்ப் பக்கம் ஓடி, "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று கத்தினாள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கரையில் கத்துவது எங்கே கேட்கப் போகிறது? சத்தம் தேய்ந்து, வெள்ளைக்குள் போய் நின்றது. அணைத்தானா, மோதினானா, தூரம் போய்விட்டானா, சொல்ல முடியாது.

கம்பத்தார் உள்ளே போனார். அவள் பின்னால் போனாள். பெரிய விசையைத் தூக்கிப் போட்டார். மின்விசிறிகள் முனகத் தொடங்கின.

"பேசட்டுமா?"

"இரு. வால்வு சூடாகணும். பழைய மிஷினு. முழுசா அணைக்கச் சொன்னாங்க, அணைச்சுட்டேன். இதை நாம விரட்ட முடியாது."

வால்வுகளின் கண்ணாடிக்குள் இழைகள் மெல்லச் சிவந்தன. அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரத்தைப் பார்த்ததில்லை. சோதனைக்கென்று மூலையில் கிடந்த ஒலிவாங்கியைக் கம்பத்தார் தூசி தட்டிக் கொடுத்தார். முள் ஒருதரம் துடித்து எழுந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"கடல்ல இருக்கறவங்க கேட்டுக்கங்க. செட்டு கெட்டுப்போகல. யாரும் திறக்காதீங்க. திறந்திருந்தா அப்படியே மூடுங்க. கோளாறு எங்ககிட்ட. காலையிலேர்ந்து நாங்கதான் நிறுத்தி வச்சிருந்தோம். நிறுத்திப் பாருங்கன்னு சொன்னதே நான்தான். திட்டறவங்க கரைக்கு வந்து திட்டுங்க, நான் இங்கதான் இருப்பேன். இப்ப பெட்டியைத் திருப்புங்க. ஒரு படகு இப்பத்தான் கம்பத்துக்குக் குறுக்க வலப்பக்கமா போச்சு. யாரா இருந்தாலும் நிறுத்துங்க. அங்க பாறை."

வானொலி ஒருவழிப் பாதை. யாராவது கேட்டார்களா, கேட்டுத் திரும்பினார்களா, எதுவும் தெரியாது. செய்ய முடிந்தது பேசுவது ஒன்றுதான்; அவள் நிறுத்தினால் அவர்களுக்குத் திசை நின்றுவிடும். பேசினாள். காற்றைப் பற்றிப் பேசினாள். கறுப்புக் குச்சியைப் பற்றி மறுபடி சொன்னாள். சொல்ல எதுவும் இல்லாதபோது வீட்டுக் குழாய் ஒழுகுவதையும், அதைச் சரிபண்ணுவதாகச் சொன்ன மனிதன் அப்படியே விட்டதையும், கடைத்தெருவில் பெட்டியோடு நின்றவர்களையும் பற்றிப் பேசினாள். குரல் நடுங்கக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள். நடுங்கினால் அலைக்கு ஒன்றுமில்லை. கேட்கிறவன் கை நடுங்கும்.

கம்பத்தாரின் மேசையில் தொலைபேசி அடித்தது. எடுத்தார். மேலாளர்.

"யார் உத்தரவுல போட்டீங்க?"

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"காவலாளி பெட்டியில அவங்க குரல் வருதே."

"அப்ப ரெண்டு பேர் கேக்குறீங்க. எழுதிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மகள் துறைக்கும் கம்பத்துக்கும் ஸ்கூட்டரில் அலைந்தாள். கதவருகே வந்து, கரை சேர்ந்த படகு எத்தனை என்று விரல்களைக் காட்டுவாள். மூன்று. ஐந்து. ஒவ்வொரு தடவையும் காத்தக்கா, அவன் வந்தானா என்று கண்ணால் கேட்பாள், மகள் தலையை ஆட்டுவாள், இல்லை. காத்தக்காவின் வாய் மட்டும் நிற்காமல், பனி எப்போது விலகும் என்று வானிலை அலுவலகம் நினைக்கிறது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு அன்றைக்கு இப்படி யாராவது பேசியிருந்தால் என்ற நினைப்பு வந்தபோது அதை விரட்டினாள். அழுகை வந்தால் குரல் போய்விடும்.

பிறகு மகள் கதவருகே வந்தாள். விரலைக் காட்டவில்லை. விலகி நின்றாள். அவளுக்குப் பின்னால் அவன் நின்றான். டீசல் வாடையோடு, தலையெல்லாம் ஈரமாக, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. பைக்குள் பெட்டி துண்டு துண்டாகக் கிடந்தது.

அவள் பேச்சை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு படகு வரவேண்டியிருந்தது. கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்காமல், "முனையைப் பாருங்க, குரல் எங்க சாகுதோ அங்கதான் கம்பம்" என்று சொல்லிக்கொண்டே அவனைப் பார்த்தாள். அவன் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, கடைசிப் படகு வரும்வரை கேட்டான்.

எல்லாம் வந்த பிறகு அவள் ஒலிவாங்கியை வைத்தாள். தொண்டை கட்டிவிட்டிருந்தது.

"திறந்தீங்களா?"

"திறந்தேன். கம்பி அறுந்துபோச்சு. பாறைப் பக்கத்துல இன்னொருத்தன் செட்டு கத்திக்கிட்டே வந்துச்சு, அவன் வாலைப் பிடிச்சுக்கிட்டு வந்தோம்." பையைக் கீழே வைத்தான். "உன் சத்தம் நின்னதும் நிலையம் நின்னிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. உன் வாயை நிறுத்த முடியும்னு யாருக்குத் தோணும்? செட்டுதான் போச்சுன்னு நினைச்சேன்."

அவள் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"சொன்னாங்க. துறையில எல்லாரும் அதைத்தான் பேசறாங்க." பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "குழாயையும் பேசறாங்க" என்றான்.

அந்தச் சோதனையின் அறிக்கை மேலே போயிற்று. புகார்கள்: இல்லை. தவறான அழைப்பு: ஒன்று. ரிப்பேர் கடை வாசலில் நின்றவர்களை எழுத அதில் இடம் இல்லை என்றார் மேலாளர். பக்கத்திலே எழுதுங்கள் என்று அவள் சண்டை போட்டாள். எழுதினார், சின்ன எழுத்தில். கம்பத்தாரிடம் விளக்கம் கேட்டு உத்தரவு வந்தது. மத்திய அலையை மூடுவது பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். காய்கறிக்காரியும் கண் தெரியாத முதியவரும் இன்னும் சிலரும் நிலையத்துக்கு நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அது போனில் வராததால் கணக்கில் சேரவில்லை. மகள் இப்போது சாயங்காலங்களில் படகுக்காரர்களின் வீடு வீடாகப் போய் எத்தனை பெட்டி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதை யார் ஏற்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

கடைக்காரர் பெட்டியைச் சரிசெய்து கொடுத்தார். கடலுக்குப் போகாத நாளில் கணவன் அதை மேசையில் வைத்து, சரியாக வேலை செய்கிறதா என்று திருப்பிப் பார்ப்பான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மெதுவாகத் திருப்பத் திருப்ப இளைத்து, ஓர் இடத்தில் அடியோடு நின்றுபோகும். "அதோ, கம்பம்" என்று ஜன்னல் பக்கம் விரலைக் காட்டுவான்.

காத்தக்கா வேலையைப் போட்டுவிட்டு நின்று பார்ப்பாள். அது குச்சியும் கம்பியும் செய்யும் காரியம் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஆனாலும் அந்தச் சத்தம் சாகிற கணத்தில் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். அவன் பெட்டியை இன்னும் கொஞ்சம் திருப்பவேண்டும், பாட்டு திரும்பி வரவேண்டும்.

"திருப்புங்க" என்பாள்.

"இரு, பாத்துக்கறேன்."

"திருப்புங்கன்னு சொல்றேன்ல."